தோலுறையில் பூட்டி வைக்காதீர்கள்

குன்னூர், கோத்தகிரி தோட்ட பங்களாக்களில் எஞ்சியிருக்கும் சட்டைப்பைத் துப்பாக்கிகளைக் குடும்பச் சொத்து என்று பெருமையுடன் வர்ணிக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அக்கட்டுரை, அச்சொத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பின், விளையாட்டு வீரர்கள் போன்ற சிலரைத் தவிர, எவரும் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. பாட்டனார் வழியாக வந்தவையும் இந்த எண்ணிக்கையில் அடங்கும். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருட்களுக்கு அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்பது உண்மையே. ஆனால், ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1906 முதல் பெல்ஜியத்தில் தயாரான 6.35 மி.மீ. துப்பாக்கியோ, அதன் அமெரிக்க உடன்பிறப்பான 1908-ஆம் ஆண்டு கோல்ட் நிறுவனத் துப்பாக்கியோ நல்ல நிலையில் இருந்தால் இன்றும் சுடக்கூடியவை, அவற்றுக்குரிய தோட்டாவும் இன்றுவரை தயாராகிறது என்பதால், வயதை மட்டும் காட்டி உரிமமின்றி வைத்திருக்க முடியாது.

கட்டுரையின் படத்தில் உள்ளதைப் போல் தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன். தோல் பதனிடப் பயன்பட்ட உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் நம் மலையில் அந்தத் தோல் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தோட்டாக்களை அகற்றி, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே முறை. உறையைத் தனியே வைக்கலாம்.