கொலையாளியின் பெயரை ஏன் எழுதினீர்கள், அத்தான்?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஸ்கிரீன்ஷொட்டும் சுற்றுகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். "இன்றிரவு மகளோடு 'அந்த நாள்' பார்க்கப்போகிறோம்" என்று நான் போட்ட ஒற்றை வரிக்குக் கீழே நீங்கள் கொலையாளியின் பெயரை எழுதினீர்கள். பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. அந்த நேரம் என் போன் மகளின் கையில் இருந்தது.

துப்பறியும் படத்தின் முடிவைச் சொல்லக்கூடாது. பந்தியில் பக்கத்து இலையில் கைவைக்கிற வேலை அது. உங்களுக்குப் பகிடி, சரி.

"எழுபது வருஷத்துக்கு முந்தின படம், இன்னுமா ரகசியம்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். படம் வந்தது 1954இல்தான். என் மகளுக்கு வயது 12. அவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமைதான் ரிலீஸ்.

"'ரஷோமோன்' என்ற ஜப்பான் படத்தைப் பார்த்து எடுத்ததுதானே?" என்கிறார் இன்னொரு மேதை. செத்தவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிற முறை அங்கேயிருந்து வந்ததாகவே இருக்கட்டும். அதற்காக முடிவைச் சொல்லலாமா? ஒரு பாட்டுக்கூட இல்லாமல் ஏவிஎம்முக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். அந்தக் காலத்துக் கலரி ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும்!

"முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் நல்ல படமா?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். நானே ஆறேழு தடவை பார்த்தாயிற்று. இரண்டாம் தடவைதான் சில முகங்கள் வேறு மாதிரித் தெரியும். யாருடைய முகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இரண்டாம் தடவைக்கு முன்னால் முதல் தடவை என்று ஒன்று வேண்டுமே. அதைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது அம்மம்மா. கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில் கரண்ட் போன இரவுகளில், அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு மறுநாள் கதை தொடங்கும். குண்டு என்றதும் அம்மம்மா 1942க்குப் போய்விடுவா. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு விழுந்தது, சனம் மூட்டை கட்டி ஊருக்கு ரயில் ஏறியது. அதெல்லாம் முடிந்துதான் சிஐடி ஜாவர் சீதாராமன் வருவார். பக்கத்து வீட்டுச் சின்னையா, செத்தவனின் தம்பி, தம்பி பெண்சாதி என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொல்வார்கள். கடைசி ஆளிடம் வந்ததும் அம்மம்மா திரியைக் குறைத்துவிடுவா. "மிச்சத்தைப் படத்தில பார்." நான் பார்ப்பதற்குள் அம்மம்மா போய்விட்டா. யார் கொலை செய்தது என்று எனக்குத் தெரிந்த அன்று ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இல்லை.

நான் மகளுக்குக் கொடுக்க நினைத்தது அந்தக் காத்திருப்பை. சின்னையா கதை முடியுமுன்னே எழுந்து போய்விட்டாள். "எனக்குத்தான் தெரியுமே."

"ஒரு படத்துக்கு இவ்வளவா?" என்பீர்கள். படம் மட்டுமா, அத்தான்? என் ஓஎல் பரீட்சை ரிசல்ட்டை நான் அப்பாவிடம் சொல்லுமுன்னே ஓடிப்போய்ச் சொன்னது யார்? நான் ரிசல்ட் தாளோடு வாசலில் நிற்கிறேன், உள்ளே அப்பா உங்களுக்குக் கைகொடுக்கிறார். அன்றைக்கும் இதே சிரிப்புத்தான்.

அடுத்ததாக மகளுக்கு 1967இல் வந்த 'அதே கண்கள்' போட்டுக் காட்டப்போகிறேன். எப்போது என்று இங்கே எழுத மாட்டேன்.