பீஸ் ஸ்டேஷனில் வந்த மாரடைப்பு

ராணுவத்திலிருந்து இதயநோயோடு வெளியே வருகிறவரின் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது வெளியேறும்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழு, எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். கருத்துப் பகுதியில் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும். நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில், அதாவது அமைதிப் பகுதி முகாமில். ஃபீல்டு எனும் களப் பணி, உயர்மலைப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி எதனோடும் நெருங்கிய காலத் தொடர்பு இல்லை. எனவே பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. சுருக்கமாக 'நானா' என்பார்கள். குறைபாட்டுச் சதவீதக் கட்டத்தில் 30 என்று போட்டுவிட்டு, குறைபாட்டுப் பென்ஷனுக்கான கட்டத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த வரியை மருத்துவக் கருத்து என்று என்னால் ஏற்க முடியவில்லை. போஸ்டிங் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய வரி இது. கரோனரி ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது வருடக்கணக்கில் நடக்கிற காரியம். மூன்று வருடம் உயர்மலையில் இருந்தவருக்குக் கீழே இறங்கி எட்டாவது மாதம் நெஞ்சு வலித்தால், வலி வந்த இடம்தான் பீஸ் ஸ்டேஷன். அடைப்பு எப்போது ஆரம்பித்தது என்று போர்டு எங்கே எழுதியிருக்கிறது? நோய் கண்டுபிடித்த தேதியை நோய் பிறந்த தேதியாக்கிவிட்டார்கள். மேல்முறையீடு முழுக்க இந்த ஒரு இடத்தைத்தான் அடிக்க வேண்டும்.

ஆனால் பலர் அங்கே அடிப்பதில்லை. 'இத்தனை வருடம் நாட்டுக்கு உழைத்தேன், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்று நாலு பக்கம் எழுதி, குடியரசுத் தலைவர் முதல் கலெக்டர் வரை நகல் அனுப்புகிறார்கள். எல்லாம் சுற்றிக் கடைசியில் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அதே ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத்தான் வரும். அதற்குள் மேல்முறையீட்டுக்கான ஆறு மாதக் கெடு ஓடிவிடும்.

முதல் வேலை, காகிதம். போர்டு நடவடிக்கையின் முழு நகல், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள், நோய் முதலில் பதிவான ஆஸ்பத்திரிக் குறிப்பு, ஒவ்வொரு மறுபரிசோதனைத் தாள், போஸ்டிங் விவரம் எல்லாம் வேண்டும். கையில் இல்லையென்றால் உங்கள் ரெக்கார்ட்ஸுக்கு ஆர்டிஐ போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'என் மருத்துவ ஆவணங்கள்' என்று மொட்டையாகக் கேட்காமல் ஒவ்வொரு தாளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வந்த காகிதக் கட்டில் முதலில் தேட வேண்டியது பதினான்கு நாள் பணிப் பட்டியல். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியில் இதயநோய்க்கான பத்தி 47. நோய் வெளிப்படுவதற்கு முந்தைய 14 நாட்கள் அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று யூனிட் எழுதித் தர வேண்டும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மாரடைப்பு பிபிஇடி என்கிற உடல்திறன் தேர்வு ஓட்டத்துக்கு மறுநாள் வந்திருக்கும். பட்டியலில் 'வழக்கமான பணி' என்று ஹெட் கிளார்க் ஒரே வரியில் முடித்திருப்பார், யூனிட் தலைவரான சிஓ கையெழுத்து போட்டிருப்பார். சில கட்டுகளில் அந்தத் தாளே இருக்காது. இல்லாவிட்டால் அதுவே உங்கள் முதல் வாதம்: பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போர்டு முடிவு செய்திருக்கிறது. இருந்து, தப்பாக இருந்தால், கார்டு டியூட்டி, ஃபயரிங், பயிற்சி முகாம் தேதிகளை எடுத்து வரிக்கு வரி மறுத்து எழுதுங்கள்.

அடுத்து ஒரு பக்கத்தில் அட்டவணை. இடது பக்கம் போஸ்டிங், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஃபீல்டா பீஸா. வலது பக்கம் அந்தக் காலத்தில் பதிவான பிபி, ஈசிஜி, மெடிக்கல் கேட்டகிரி என்கிற உடல்தகுதித் தரம். நோய் கண்ட பிறகும் ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். பணியால் வந்தது என்று நிரூபிக்க முடியாத இடத்திலும் 'பணியால் கூடியது' என்ற வழி திறந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு முதல் வாதத்தை மட்டும் பிடித்துத் தொங்குவது வீண்.

நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளப்பட்டால் மறு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம்மூர்க்காரர்களுக்குச் சென்னை அமர்வு. 2007 சட்டப்படி, இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்தில் மனு போட வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே இல்லையென்றாலும் போகலாம். தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழி உண்டு. ஆனால் 2008 தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவையோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, நோய் பணியால் வந்ததா என்று முடிவு செய்வதற்கான 2008 விதிகளில் நிரூபிக்கும் சுமை பொதுவாக உங்கள் மேல் இல்லை. ஓய்வு பெற்று 15 வருடம் கழித்துக் கேட்டால் உங்கள் மேல் வந்துவிடும்.

தீர்ப்பாயத்தில் எல்லாரும் 2013 தர்மவீர் சிங் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது வலிப்பு நோய் வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. சேரும்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடல்நிலையோடு சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும், மறுக்கும் போர்டு காரணம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. அந்த அனுமானம் 1982 விதியில் இருந்தது, 2008 விதியில் இல்லை என்பார்கள். போர்டின் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்ற 2019 நர்சிங் யாதவ் தீர்ப்பைக் காட்டுவார்கள். அதனால் அனுமானத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அட்டவணை முக்கியம். பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பது மட்டுமே மறுக்கப் போதாது என்று 2025-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேருங்கள். அது சர்க்கரை நோய் வழக்கு, ஆனாலும் வாதம் பொருந்தும்.

எல்லா வழக்கும் ஜெயிக்காது. எடையைக் குறை, சிகரெட்டை விடு என்று மருத்துவர் வருடா வருடம் எழுதி, அது காகிதக் கட்டில் வரிசையாக இருந்தால் கஷ்டம்தான். அதை மறைத்து மனு போடுவதைவிட நேராகப் பதில் எழுதுவது நல்லது.

பணக்கணக்கு இது. 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். எம்எஸ்பி எனும் ராணுவப் பணி ஊதியம் சேர்த்து 40,000 வாங்கியவருக்கு 12,000. அவருடைய குறைபாடு 30 சதவீதம் என்றால் 3,600. ரவுண்டிங் ஆஃப், அதாவது சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்குவது, கிடைத்தால் 30 என்பது 50 ஆகி 6,000 வரும், அதற்கு மேல் டிஆர் எனும் அகவிலை நிவாரணம். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தானாக வராது. மனுவின் கோரிக்கைப் பகுதியில் தனி வரியாகக் கேளுங்கள்.

மேலே சொன்னது 2023 செப்டம்பர் 21-க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு. அதன் பிறகு வந்தவர்களுக்குப் புது விதிகள். பெயரே 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று மாறிவிட்டது. அவர்கள் பழைய மனுவை நகலெடுத்துப் போட வேண்டாம்.