மாப்பிள்ளை பால் கறக்கிறார், மச்சான் லாரி ஓட்டுகிறார்

(கவுந்தப்பாடியில் ஒரு பேக்கரி. மாலை நான்கரை மணி. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர், அதன் பின்னால் டிரெய்லர், அதில் ஆறு மூட்டை புண்ணாக்கு. அதை ஓட்டிவந்த நாச்சிமுத்துவும், அவருடைய தங்கையைக் கட்டிய சங்ககிரி குழந்தைவேலும் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னவர் கரும்பும் மஞ்சளும் போடுகிற விவசாயி. பின்னவர் 31 வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பக்கத்து மேசையில் நான். இருவர் பேச்சிலும் வாக்கியத்துக்கு இரண்டு ‘ங்க’ இருந்தது. எழுதும்போது இடத்தை அடைக்கிறதென்று எடுத்துவிட்டேன். வேண்டியவர்கள் தாங்களே சேர்த்து வாசித்துக்கொள்ளலாம்.)

நாச்சிமுத்து: மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். யார் அந்த லியா?

குழந்தைவேல்: (புரையேறி இருமுகிறார்) எந்த லியா?

நாச்சிமுத்து: எந்த லியாவா? எத்தனை பேர் இருக்கிறார்கள்? சரசு நேற்று ராத்திரி போனில் ஒரே அழுகை. “அண்ணா, இவர் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, ‘லியாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவைதான் கொடுக்க முடியும்’ என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்” என்கிறாள். எதைக் கொடுக்கிறீர்கள்? நாங்கள் போட்ட நகையையா?

குழந்தைவேல்: சாலட்.

நாச்சிமுத்து: என்னது?

குழந்தைவேல்: இலைதழையை நறுக்கிப் போட்ட ஒரு கிண்ணம், மச்சான். அவளுக்கு அது உயிர்.

நாச்சிமுத்து: என் தங்கைக்கு இத்தனை வருடத்தில் ஒரு வெங்காயம் நறுக்கிக் கொடுத்திருப்பீர்களா?

குழந்தைவேல்: அது ஆளே இல்லை, மச்சான். வீடியோ கேம். பேரன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஸ்டார்டியூ வேலி என்று பெயர். தாத்தா விட்டுப்போன தோட்டம் ஒன்று நம் கைக்கு வருகிறது. புல்லும் கல்லும் மண்டிக் கிடக்கிறது. அதைத் திருத்திப் பண்ணையம் செய்ய வேண்டும். லியா பக்கத்துக் காட்டில் குடியிருக்கிற பெண். ஊரில் நாலு பேரிடம் நல்லபடியாக இருக்க வேண்டாமா?

நாச்சிமுத்து: நாலு பேரிடம் சரி. அந்த ஒருத்தியிடம் மட்டும் எதற்கு?

(குழந்தைவேல் பன்னுக்குள் இருந்த தேங்காய்ப் பூவைக் கவனமாக ஆராய்கிறார். பன்னில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை.)

குழந்தைவேல்: மச்சான், 31 வருடம் ராத்திரி ராத்திரியாக மற்றவர்கள் வயலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனவன் நான். ஒரு சென்ட் நிலம் உழுததில்லை. அந்த ஆசைதான்.

நாச்சிமுத்து: அப்படியென்றால் சொல்லுங்கள், கேட்போம். என்ன வெள்ளாமை?

குழந்தைவேல்: முதலில் பார்ஸ்னிப். பார்வைக்கு முள்ளங்கி மாதிரி இருக்கும். கையில் 500 காசும் 15 விதையும் கொடுத்து இறக்கிவிடுகிறார்கள். நாலே நாளில் அறுவடை.

நாச்சிமுத்து: நாலு நாளில் என் காட்டில் கோரைதான் முளைக்கும். விதை என்ன விலை?

குழந்தைவேல்: ஒன்று 20 காசு. கிழங்கு 35க்குப் போகிறது.

நாச்சிமுத்து: இன்றைக்கு 35. நாளைக்கு?

குழந்தைவேல்: நாளைக்கும் 35தான்.

நாச்சிமுத்து: ஊரே பார்ஸ்னிப் போட்டால்?

குழந்தைவேல்: 35.

(நாச்சிமுத்து டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். வாரா வாரம் மஞ்சள் விலைக்காக ஈரோட்டுப் பக்கம் காதை நீட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு இது தாங்காது.)

நாச்சிமுத்து: கமிஷன்? இறக்குக் கூலி? ஈரக் கழிவு? சாக்குக்குப் பிடித்தம்?

குழந்தைவேல்: வீட்டு வாசலிலேயே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. சாயங்காலம் அதில் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது பணம் வந்துவிடும்.

நாச்சிமுத்து: இதைப் பண்ணையம் என்று சொல்லாதீர்கள். வயிறு எரிகிறது. தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஆயிரம் அடி போட்டீர்களா?

குழந்தைவேல்: தோட்டத்துக்குள்ளேயே குளம் இருக்கிறது, மச்சான். வற்றாது. ஒரு பூவாளி கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை மொண்டால் 40 கட்டத்துக்கு ஊற்றலாம்.

நாச்சிமுத்து: நான் பவானிசாகரில் 105 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் பல்லே துலக்குகிறேன். கீழ்பவானி வாய்க்காலில் இந்த முறை எப்போது திறப்பார்கள், எந்தத் தேதியில் அடைப்பார்கள் என்று யோசித்தே எனக்குத் தலை நரைத்துப் போயிற்று. நீங்கள் பூவாளியில் மொண்டு ஊற்றுகிறீர்கள்.

குழந்தைவேல்: கஷ்டமும் உண்டு. காக்காய் வந்து பயிரைத் தின்றுவிடும். பொம்மை நட்டால்தான் தப்பிக்கலாம். பொம்மையைச் சுற்றி எட்டுக் கட்டத்துக்குக் காக்காய் அண்டாது.

நாச்சிமுத்து: மயில்?

குழந்தைவேல்: மயில் இல்லை.

நாச்சிமுத்து: காட்டுப் பன்றி?

குழந்தைவேல்: அதுவும் இல்லை.

நாச்சிமுத்து: என் சோளக்காட்டில் நட்ட பொம்மையின் தலைமேல்தான் மயில் உட்கார்ந்து அகவுகிறது, மாப்பிள்ளை. போன வாரம் அதன் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கல் எடுத்து எறிய முடியுமா? தேசியப் பறவை. 1972ஆம் வருடத்துச் சட்டம் அதன் பக்கம். “ஐயா, தின்றது போதும், எழுந்திருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கிறேன். (சற்று யோசித்து) மாடு உண்டா?

குழந்தைவேல்: (முகம் மலர்கிறது) ஒரு பசு. 1,500 காசு கொடுத்துக் கன்றாக வாங்கினேன். ஐந்து நாளில் வளர்ந்துவிட்டது. இப்போது தினமும் பால் கொடுக்கிறது.

நாச்சிமுத்து: கன்று எப்போது ஈன்றது?

குழந்தைவேல்: ஈனவில்லை.

நாச்சிமுத்து: சினை?

குழந்தைவேல்: இல்லை.

நாச்சிமுத்து: காளை?

குழந்தைவேல்: அந்த ஊரிலேயே நான் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து: சினையே பிடிக்காமல் கறக்கிற பசு! அதை அந்தியூர்த் தேர்த் திருவிழாச் சந்தையில் கட்டினால் கூட்டத்தில் மாடு மிதிபடும். பால் சொசைட்டியில் டிகிரி பார்க்கிறார்களா?

குழந்தைவேல்: டிகிரி இல்லை. தினமும் ஒரு தடவை தடவிக் கொடுக்க வேண்டும். பிரியம் கூடினால் பெரிய பாலாகக் கொடுக்கும், விலையும் கூட. நேற்று தடவ மறந்து படுத்துவிட்டேன். பசுவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தூக்கமே வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத்தான் சரசு கேட்டிருக்கிறாள்.

நாச்சிமுத்து: நஷ்டமே கிடையாதா?

குழந்தைவேல்: ஏன் இல்லை? அங்கே ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். வசந்தத்தில் 20ஆம் தேதி காலிஃபிளவர் நட்டேன். விதை ஒன்று 80 காசு. 175க்கு விற்கலாம் என்று மனக்கோட்டை. அது காய்க்க 12 நாள் ஆகுமாம். 28ஆம் தேதி ராத்திரி படுத்தேன். விடிந்து பார்த்தால் கோடை. அத்தனையும் கருகிக் கிடக்கிறது.

நாச்சிமுத்து: (மேசையைத் தட்டி) அப்படிப் போடு! இது மட்டும்தான் நிஜம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? இதைச் செய்தவன் யாரோ, அவனுக்கு விவரம் தெரியும்.

குழந்தைவேல்: எரிக் பரோன் என்று ஓர் அமெரிக்கர். நாலு வருடத்துக்கு மேல் தனியாகவே உட்கார்ந்து செய்தாராம். படம், இசை, கதை எல்லாம் ஒரே ஆள். 2016இல் வெளியிட்டார்.

நாச்சிமுத்து: அவருக்கும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எந்த ஊரானாலும் பண்ணையத்துக்கு ஆள் கிடைப்பதில்லை.

(பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணா, பால் வண்டி வருகிற நேரம், டிராக்டரைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். நாச்சிமுத்து, “இதோ” என்கிறார். அசையவில்லை.)

குழந்தைவேல்: என்னை இவ்வளவு குடைந்தீர்களே, உங்கள் வீட்டு மாடி அறையில் மேசையோடு சேர்த்து ஒரு ஸ்டீயரிங் மாட்டியிருக்கிறது. அது எதற்கு?

நாச்சிமுத்து: அது... பையனுடையது.

குழந்தைவேல்: பையன் பெங்களூரில் இருக்கிறான். ஸ்டீயரிங்கில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறது.

நாச்சிமுத்து: (குரலைத் தாழ்த்தி) யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டில் பிராக் நகரத்துக் கம்பெனி, 2012இல் வெளியிட்டது. நான் கலே நகரத்தில் தொழில் ஆரம்பித்திருக்கிறேன். பிரான்ஸ். கடற்கரை ஊர். மாப்பிள்ளை, நான் கரும்பு லோடு ஏற்றிவிட்டு மில் வரை போய்த் திரும்பியவன். உங்களை மாதிரி நாலு மாநிலம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

குழந்தைவேல்: ஓட்டம் எப்படி?

நாச்சிமுத்து: முதல் நாள் பழக்க தோஷத்தில் இடது பக்கம் ஏறிவிட்டேன். எதிரில் வந்த அத்தனை வண்டியும் என்மேல். அபராதம். சிவப்பு விளக்கு, அபராதம். ராத்திரியில் விளக்குப் போடவில்லை, அபராதம்.

குழந்தைவேல்: நிறுத்திப் பேசிப் பார்க்க வேண்டியதுதானே?

நாச்சிமுத்து: ஆளே வருவதில்லை, மாப்பிள்ளை. கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடுகிறது. யாரிடம் கெஞ்சுவது? அப்புறம் கலேயிலிருந்து கப்பலில் ஏறி இங்கிலாந்தில் டோவர் துறைமுகத்தில் இறங்கினேன். அங்கே எல்லோரும் இடது பக்கம்! கண் கலங்கிவிட்டது. பவானி பஸ் நிலையத்தில் வந்து இறங்கிய மாதிரி இருந்தது.

குழந்தைவேல்: லோடு யார் ஏற்றுகிறார்கள்? தார்ப்பாய் யார் கட்டுகிறார்கள்?

நாச்சிமுத்து: டிரெய்லர் தயாராக நிற்கும். கொக்கியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

குழந்தைவேல்: இறக்கிய இடத்தில் ரிட்டர்ன் லோடு?

நாச்சிமுத்து: பட்டியலே வருகிறது. எது வேண்டுமோ தொட்டால் போதும்.

குழந்தைவேல்: (எழுந்தே விட்டார்) நான் ஒரு ரிட்டர்ன் லோடுக்காக நாக்பூரில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறேன், மச்சான்! லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்து, சரசு கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி தீரும்வரை. காத்திருக்கிற வேலை முழுவதையும் எடுத்துவிட்டால் அது என்ன லாரித் தொழில்? தூக்கம் வந்தால்?

நாச்சிமுத்து: கண் சொருகுகிற மாதிரி திரை இருட்டும். வண்டி நிறுத்துகிற ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் தூங்கி எழுந்துவிடலாம். கொசு கிடையாது.

குழந்தைவேல்: மலைப்பாதை?

நாச்சிமுத்து: இருக்கிறது. ஆனால் தூரத்தை 19இல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

குழந்தைவேல்: பத்தொன்பதில் ஒன்றா? சேலத்திலிருந்து டெல்லி சுமார் 2,300 கிலோமீட்டர். அப்படியென்றால் கிருஷ்ணகிரி தாண்டியதும் டெல்லி வந்துவிடுமே! திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஒன்றரை வளைவில் தீர்ந்துவிடும். பண்ணாரியம்மனுக்குச் சூடம் ஏற்றி அணைவதற்குள் ஆசனூர். கரும்பு லோடைப் பார்த்து யானை வழி மறிக்குமா?

நாச்சிமுத்து: ஐரோப்பாவில் யானை ஏது?

குழந்தைவேல்: பிறகு எதற்குப் பயந்து ஓட்டுகிறீர்கள்? சரி, போய்ச் சேர்ந்ததும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டுமே. பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ சொல்லக் கிளீனர் உண்டா?

(நாச்சிமுத்து பதில் சொல்லாமல் இன்னொரு டீ சொல்கிறார்.)

குழந்தைவேல்: கேட்டேனே.

நாச்சிமுத்து: அதற்கு மூன்று வழி கொடுக்கிறார்கள். ஒன்று, ரிவர்ஸில் ஒடித்து நிறுத்துவது. கஷ்டம், அனுபவப் புள்ளி நிறைய. இரண்டு, சுலபமான இடத்தில் நிறுத்துவது. புள்ளி குறைவு.

குழந்தைவேல்: மூன்று?

நாச்சிமுத்து: மூன்றாவது... “நீ இறங்கிப் போ, நாங்களே நிறுத்திக்கொள்கிறோம்” என்பது. புள்ளி கிடையாது.

குழந்தைவேல்: நீங்கள் எந்த வழி?

நாச்சிமுத்து: ஆரம்பித்த நாளிலிருந்து மூன்றாவது.

(குழந்தைவேல் வெகுநேரம் பேசவில்லை. சினை பிடிக்காமல் கறக்கிற பசுவைப் பற்றிக் கேட்டபோது நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த அதே துக்கம் இப்போது இவர் முகத்தில்.)

குழந்தைவேல்: ரிவர்ஸ் எடுக்காதவன் டிரைவரே இல்லை, மச்சான். முன்னால் போவதற்கு எருமை கூடப் போகும்.

(வெளியே ஹாரன். பால் வண்டி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். பேக்கரிக்காரர், “அண்ணா!” என்கிறார், இம்முறை கொஞ்சம் சத்தமாக. நாச்சிமுத்து வெளியே வந்து பார்க்கிறார். முன்னால் மின்கம்பம், இடது பக்கம் சாக்கடை. டிராக்டரையும் டிரெய்லரையும் பின்னாலேயே ஒடித்துச் சந்துக்குள் விட்டுத்தான் திருப்ப வேண்டும். ஏறி உட்கார்கிறார். ஒரு முறை பின்னால் எடுக்கிறார். டிரெய்லர் ஒரு பக்கமும் டிராக்டர் ஒரு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு மூட்டை சரிகிறது. பஸ்ஸிலிருந்து நாலு தலை எட்டிப் பார்க்கிறது. நாச்சிமுத்து இறங்கி வந்து சாவியைக் குழந்தைவேலின் கையில் வைக்கிறார்.)

குழந்தைவேல்: என்ன இது?

நாச்சிமுத்து: மூன்றாவது வழி.

குழந்தைவேல்: அதற்குப் புள்ளி கிடையாது என்றீர்களே.

நாச்சிமுத்து: புள்ளி வேண்டாம், மாப்பிள்ளை. புண்ணாக்கு கொட்டாமல் வீடு வந்தால் போதும்.