விபத்து வக்கீல் ஊருக்குள் இருக்க வேண்டும்

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவர்களைப் பற்றி வழக்கறிஞர்களிடையேயே ஓர் இளக்காரம் உண்டு. "எம்.சி.ஓ.பி. வக்கீலா?" என்று கேட்கிற தொனியிலேயே அது தெரிந்துவிடும். எம்.சி.ஓ.பி. என்பது இந்த இழப்பீட்டு மனுவின் சுருக்கப் பெயர். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பவர்கள், வருகிற பணத்தில் பங்கு எடுப்பவர்கள் என்று நினைப்பு. விழுப்புரம் பக்கத்தில் இந்த வழக்குகளை மட்டுமே நடத்திப் பிழைக்கிறவள் நான். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கருத்து உறுதியாக இருக்கிறது. இந்த வழக்கை, பாதிக்கப்பட்டவர் இருக்கிற ஊரோடு பழக்கமுள்ள வக்கீல்தான் ஒழுங்காக நடத்த முடியும். சட்டம் தெரிந்தால் போதாது. சொல்லப்போனால் இதில் சட்டம் ரொம்பவும் கடினமில்லை. 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கணக்கை வாய்ப்பாடு மாதிரி போட்டுக் கொடுத்துவிட்டது. வயதுக்கு ஒரு பெருக்கல் எண், எதிர்கால வருமான உயர்வுக்கு ஒரு சதவீதம், இறந்தவரின் சொந்தச் செலவுக்கு ஒரு கழிவு. யாரும் போட்டுவிடலாம். அந்தக் கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டிய மாத வருமானத்தை நிரூபிப்பதுதான் வேலையே.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 34, மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். மாதம் 15,000 சம்பாதித்தார் என்று நிரூபித்தால், 40 சதவீதம் கூட்டி 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. அதைப் பன்னிரண்டாலும், அவர் வயதுக்குரிய 16-ஆலும் பெருக்கினால் 30,24,000 ரூபாய். வருமானத்துக்குச் சான்றே இல்லை, 9,000 என்று வைத்துக்கொள்வோம் என்று இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முடிவு செய்தால் அதே கணக்கில் 18,14,400. வித்தியாசம் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். அந்தப் பன்னிரண்டு லட்சம் மேஸ்திரியின் கூலி நோட்டில் இருக்கிறது. அந்த மேஸ்திரி யார், எந்தத் தெரு, நோட்டை எங்கே வைத்திருப்பார், கோர்ட்டுக்கு வரச் சொன்னால் பயப்படாமல் வருவாரா என்பதெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருக்கும் வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

நான் நடத்திய ஒரு வழக்கில் இறந்தது ஒரு பெண். இரண்டு கறவை மாடு வைத்திருந்தவர். கரும்பு ஏற்றிக்கொண்டு பின்விளக்கு இல்லாமல் போன டிராக்டரில், மகன் ஓட்டிய பைக் இரவு நேரத்தில் போய் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா போய்விட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "வீட்டில் இருந்தவர், வருமானம் கிடையாது" என்றார். அந்த அம்மாவின் பால் சொசைட்டி அட்டையை நான் தாக்கல் செய்தேன். காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர், கொழுப்புச் சத்து எவ்வளவு, என்ன விலை என்று நாள் தவறாமல் நீல மையில் எழுதியிருந்தது. ஓரத்தில் சாணிக் கறை. சம்பளச் சீட்டு கொடுக்கும் கம்பெனிகூட இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்திருக்காது. சொசைட்டிச் செயலாளர் கூண்டில் ஏறி, "நான்தாங்க எழுதினேன்" என்று சொன்ன பிறகு அந்த வருமானத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. அவர் வந்ததற்குக் காரணம் சம்மன் மட்டும் இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன், என் வீட்டு வளைகாப்புக்கு அவர் வீட்டு அம்மா வந்திருக்கிறார்.

மாடே இல்லாத, வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண்ணுக்கும் வருமானத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும் என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் படிக்காமல், "ஹவுஸ்வைஃப் தானே" என்று குறைந்த தொகைக்குச் சமரசம் பேசும் வக்கீல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காயம்பட்டவர்கள் வழக்கிலும் இதே கதைதான். மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று சான்று தரும். ஆனால் மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் பிழைப்பே போச்சு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுசாகவே போகும், அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஆக, அந்த மனிதர் விபத்துக்கு முன்னால் என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்ய முடியவில்லை என்பதைக் கூட இருந்து பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அந்த ஆட்களைத் தேடிப் போகிற கால் வக்கீலுக்கு இருக்க வேண்டும்.

சரி, அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலோ எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ போடலாம். ஏழைகளின் வசதிக்காக வந்த இந்த ஏற்பாடு புரோக்கர்களுக்கும் வசதியாகிவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பவரிடம் யாரோ ஒருவர் வந்து வக்காலத்தில், அதாவது வக்கீலை அமர்த்தும் தாளில், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். வழக்கு சென்னையில் போய் விழுகிறது. தன் வக்கீல் பெயர்கூட அவருக்குத் தெரியாது. வழக்கு முடிந்து எவ்வளவு வந்தது என்பதும் தெரியாமல், "புரோக்கர் இவ்வளவுதான் கொடுத்தாரும்மா" என்று என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

இதோடு போலி வழக்குகள் வேறு. தானாக வண்டியிலிருந்து விழுந்தவரை ஏதோ ஒரு கார் மோதியதாக எழுதுவது, இல்லாத விபத்தை உண்டாக்குவது. உத்தரப் பிரதேசத்தில் இப்படிச் சிக்கிய 28 வழக்கறிஞர்களை 2021-ல் இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. நம் ஊரிலும் இந்தப் பழக்கம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஒரு போலி வழக்கால் நஷ்டப்படுவது இன்சூரன்ஸ் கம்பெனி மட்டுமில்லை. அடுத்து நிஜமாகவே கால் உடைந்து வருகிறவரையும் எல்லாரும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் சதவீதம்தான். வெற்றி பெற்றால் இத்தனை பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு கேட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "காசில்லாதவர்கள் வழக்கை வேறு எப்படி நடத்துவது?" என்று சக வழக்கறிஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் இது. தீர்ப்பிலேயே வழக்கறிஞர் கட்டணம் என்று ஒரு தொகையைத் தீர்ப்பாயம் குறிக்கிறது. உழைப்புக்குத் தகுந்தபடி அதை உயர்த்தட்டும், இழப்பீட்டில் கை வைக்காமல் எதிர்த்தரப்பே தனியாக வக்கீலுக்குச் செலுத்தட்டும். இழப்பீடு முழுதும் பாதிக்கப்பட்டவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். நேரடியாகக் கணக்கில் போடுவது இப்போது பரவி வருகிறது, நல்லது. ஆனால் வக்கீல் எப்படிச் சாப்பிடுவார் என்ற கேள்விக்கு விடை சொல்லாத வரை பணம் வேறு வழியில் கைமாறிக்கொண்டுதான் இருக்கும்.

தீர்ப்போடு வேலை முடிகிறது என்று நினைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அரசுப் பேருந்து என்றால் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ்ஸை ஜப்தி செய்கிற நிலை இன்றைக்கும் இருக்கிறது. பயணிகளை நடுவழியில் இறக்கிவிடுவதில் யாருக்கும் சந்தோஷமில்லை. போக்குவரத்துக் கழகங்கள் தீர்ப்புத் தொகைக்கென்று முறையாக நிதி ஒதுக்கினால் இந்தக் காட்சியே தேவைப்படாது.

அதைவிடச் சிக்கல் வீட்டுக்குள் வருவது. கணவனை இழந்த பெண்ணுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு, மாமனார் மாமியாருக்கு ஒரு பங்கு என்று தீர்ப்பாயம் பிரிக்கும். சிறுவர்களின் பங்கு பதினெட்டு வயது வரை வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும். பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பங்காளிகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "சின்னப் பொண்ணு, நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா எங்க பையன் பணம் என்னாவது வக்கீலம்மா?" என்று மாமனார் கேட்பார். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான், அவரை விரட்ட எனக்கு மனசு வராது. அவருக்குக் காபி கொடுத்து, மறுமணம் செய்தாலும் அந்தப் பெண்ணின் பங்கு அவளுக்குத்தான், அதில் உங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று பொறுமையாகச் சொல்வேன். அவர் ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார். அப்புறம் கூழ் ஊற்றும்போது கோயிலில் பார்த்துப் பேசிவிடுவோம். அந்தப் பெண்ணிடம் தனியாக, ஏ.டி.எம். கார்டை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்வதும் என் வேலைதான். கோர்ட்டில் நான் பேசுவதைவிட இந்தத் திண்ணைப் பேச்சில்தான் பணம் காப்பாற்றப்படுகிறது என்பது என் அனுபவம்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். நாட்டிலேயே அதிக விபத்துகள் இங்கேதான். ஆகவே இது எந்த வீட்டுக்கும் வரலாம். நான் பள்ளிக்கூடங்களிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களிலும் போய்ச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். உங்கள் பைக்கின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் பாலிசியில் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தபட்ச தேர்டு பார்ட்டி பாலிசியில் பொதுவாக அது இருக்காது.

விபத்து நடந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து எப்படி நடந்தது என்பதை டாக்டரிடம் உள்ளபடியே சொல்லுங்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் முதலில் எழுதுவதுதான் கடைசி வரை நிற்கும். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உங்கள் தாலுகா நீதிமன்றத்திலேயே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள். காசில்லை என்றால் அதே வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.