வேண்டாம் என்று சொன்னேன், நம்பிவிட்டார்கள்

ஜெர்மனியில் என் மூன்றாவது நாள் இரவு நான் பசியோடு படுத்தேன். வீட்டில் சாப்பாடு இல்லாமல் இல்லை. கறுத்த ரொட்டி, மூன்று வகை சீஸ், வெள்ளரி, சின்னச் சின்ன சிவப்பு முள்ளங்கி, அவித்த முட்டை என்று மேசை நிறைய இருந்தது. "இன்னொரு துண்டு வேணுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். "வேண்டாம்" என்றேன். சரியென்று தலையசைத்துவிட்டு ரொட்டிக் கூடையைத் துணியால் மூடி வைத்துவிட்டார்.

நம் ஊரில் முதல் "வேண்டாம்" மரியாதைக்குச் சொல்வது. அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது "வேண்டாம்" வாயிலிருந்து வருவதற்குள் தோசை தட்டில் விழுந்திருக்கும். நான் அந்த இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அறைக்குப் போய், ஊரிலிருந்து கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

இந்த வருடம் தன்னார்வப் பணிக்குப் போகிற தம்பி தங்கைகள் சிலர், "முதல் சில வாரம் எப்படிக்கா இருக்கும்?" என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

நான் போனது 2022 செப்டம்பரில், ஹாலே நகரத்துக்கு. ஜெர்மனியின் கிழக்கே, ஸாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே கட்டாய ராணுவ சேவையை 2011-ல் நிறுத்தி வைத்தார்கள். ராணுவத்துக்குப் போக மறுத்தவர்கள் அதற்குப் பதிலாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்துவந்தார்கள். அந்த ஏற்பாடும் அதோடு முடிந்துபோனது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு அரசு தொடங்கிய தன்னார்வத் திட்டத்தில்தான் நான் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு வருடத்தில் 25 நாள் செமினார். மாற்றுத்திறனாளிகள் வசிக்கும் ஓர் இல்லத்தில் வேலை. தங்குவதற்கு ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்தது. அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை, குப்பைக்கு நாலு தொட்டி, ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பு எல்லாம் பத்து நாளில் பழகிவிடும். யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. அவற்றில் யாரும் சொல்லாததைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும் கேட்டார்கள். காபியா டீயா, பால் சேர்க்கட்டுமா, சனிக்கிழமை எங்களோடு வருகிறாயா, தனியாக இருக்க விரும்புகிறாயா. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து "தனியா இருக்கணுமா?" என்று யாராவது கேட்பார்களா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டாமா? அன்று இரவு அம்மாவிடம் போனில் புலம்பினேன். என்ன சாப்பிட்டாய் என்றதற்கு ரொட்டி என்று சொல்லிவிட்டேன். "பிரெட்டா? ராத்திரிக்கா? ஒடம்பு சரியில்லையாடி?" என்று பதறிப்போனார். எங்கள் வீட்டில் பிரெட் காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும்தான் வாங்குவது.

ஒன்பதாம் நாள் அந்தச் சின்னப் பெண் என் அறைக்குள் வந்தபோது பிஸ்கட் உறைகளைப் பார்த்துவிட்டாள். அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பாமல் என் எதிரே உட்கார்ந்தார். என் ஜெர்மன் போதாது, அவர் ஆங்கிலம் போதாது. நடுவில் மொழிபெயர்ப்புச் செயலி. "தினமும் கேட்டேனே. நீ வேண்டாம்னு சொன்னே. நான் உன்னை நம்பினேன்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. தன் வீட்டில் ஒரு பிள்ளை பசியோடு படுத்திருக்கிறதே என்ற வேதனை இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, "வெள்ளைக்காரங்களுக்கு ஈரமே இல்லை" என்று யாராவது எழுதினால் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவருக்கு மரியாதை. என் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை ஊகிப்பது எனக்கு மரியாதை. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். நடுவில் என் வயிறு காய்ந்தது.

மரியாதை என்றதும் பெயர் விஷயம் நினைவுக்கு வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். என் அம்மாவைவிட மூத்தவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? இரண்டு வாரம் அவரைக் கூப்பிடாமலே சமாளித்தேன். ஏதாவது வேண்டுமென்றால் எதிரே போய் நிற்பேன். நம் நீ, நீங்கள் போல அவர்களுக்கும் உண்டு. 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். நான் அந்தக் குழந்தையைத் தவிர எல்லோரையும் 'ஸீ' என்றேன். வீட்டுக்குள் 'ஸீ' என்பது ஆளைத் தள்ளி நிறுத்துவது என்று குழந்தைதான் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுப் பொருள்கள் மேலெல்லாம் மஞ்சள் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியதும் அவள்தான்.

நான் பொறையாரில் வளர்ந்தவள். பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு படித்தது இதே ஹாலேயில். தமிழ் கற்பதற்காக அவர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார் என்று பள்ளி நாளிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஹாலேயில் ஃப்ராங்கே நிறுவனங்கள் என்ற பழைய பள்ளி, அனாதை இல்ல வளாகத்துக்குப் போய், நம் ஓலைச்சுவடிகளை இன்றைக்கும் அங்கே காத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட அன்று, எட்டு வயதுக் குழந்தையிடம் பாடம் கேட்பதில் எனக்கிருந்த கூச்சம் விட்டுப்போனது.

வேலையிடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குப் பேச்சு வராது. இரண்டாம் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பின்னாலிருந்து போய் அவருடைய நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் உடம்பு விறைத்துக் கத்தினார். உடன் வேலை செய்த பெண் ஓடிவந்து நிறுத்தினார். முன்னால் வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, "போகலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் அவர் கண்ணிலிருந்து வரும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகலாம். அந்த நாற்காலி அவருடைய உடம்பின் ஒரு பகுதி மாதிரி, கேட்காமல் தொடக்கூடாது என்று விளக்கினார். நான் உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அவர் முன்னால் ஜாம் படம், சீஸ் படம், ஈரல் பேஸ்ட் படம் மூன்றையும் வைத்துவிட்டு மனதுக்குள் எண்ணுவேன். ஜாம்தான் பிடிக்கும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். இருபத்திரண்டு எண்ணியபோது அவர் கண் ஈரல் பேஸ்ட் பக்கம் போனது. அதற்கு முன் நான் ஜாமைத்தான் தடவி ஊட்டியிருந்தேன்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. அதன் அடிப்படைக் கொள்கைகளில், தன் வாழ்க்கைக்கானதைத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தையும் வைத்திருக்கிறார்கள். இந்தியா 2007-லேயே அதை ஏற்று உறுதி செய்துவிட்டது, ஜெர்மனிக்கு முன்பாகவே. ஏட்டில் நாம் பின்தங்கவில்லை. ஆனால் நம் இல்லங்களில், நம் வீடுகளில், படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவிடம் "இட்லியா, கஞ்சியா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் நிற்கிறோமா?

ஐந்தாவது வாரம் செமினாரில் எங்களைப் பெர்ன்புர்க்குக்குக் கூட்டிப்போனார்கள். ஹாலேயிலிருந்து அதிக தூரமில்லை. 1940 நவம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை அங்கிருந்த மனநல மருத்துவமனையின் நிலவறையில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நாஜிக்கள் விஷவாயு வைத்துக் கொன்றார்கள். அதைப் போல மொத்தம் ஆறு இடங்கள். யாரைக் கொல்வது என்று தீர்மானித்த மருத்துவர்கள் அந்த மனிதர்களைப் பார்க்கக்கூட இல்லை. படிவத்தைப் படித்து, சிவப்பில் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். அந்த நிலவறையில் நின்றபோது, என் வேலையிடத்தில் "கேள், பதில் வரும்வரை நில்" என்று ஏன் அத்தனை கண்டிப்பு காட்டுகிறார்கள் என்று எனக்கு உறைத்தது.

எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வேறிடம் போன நாளும் உண்டு. அதற்குத் தனிப் பதிவே எழுத வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த பிறகு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் வீட்டு ஞாபகம் நெஞ்சை அடைக்கும். அதற்கு எந்த ஆலோசனையும் என்னிடம் இல்லை. அழுதுவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மனதார நம்பிச் சொல்கிறேன். நம் உபசரிப்பில் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. கேட்காமலே அறிந்து பரிமாறும் கை எங்கள் வீட்டிலும் உண்டு. அப்படி அறிந்து வைத்திருக்கும் வேலையை நாம் யார் தலையில் கட்டியிருக்கிறோம்? அப்பாவுக்குக் காரம் ஆகாது, தம்பிக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, எனக்குத் தயிர் புளிக்கக் கூடாது, எல்லாம் அம்மா மனப்பாடம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊகிக்கப் பழகியவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று சொல்வது அவருக்குப் பழக்கமே இல்லை. எனக்கும் அதுதான் வளர்ப்பு.

போன முதல் நாள் இரவே அந்தக் குடும்பம் என் கையில் வாசல் சாவியைக் கொடுத்தது. பொறையாரில் இருபத்து மூன்று வயதுவரை எங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததில்லை. எப்போது வருவாய் என்று கேட்டார்கள், ஏன் என்று கேட்கவில்லை. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஆகவே போகிறவர்களே, பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். குளிர்ந்தால் இன்னொரு போர்வை கேளுங்கள். அரிசி வேண்டுமென்றால் நானே சமைக்கட்டுமா என்று கேளுங்கள். நான் ஆறாவது வாரம் கேட்டேன், எலுமிச்சை சாதம் செய்தேன், அந்தக் குழந்தை மூன்று தட்டு சாப்பிட்டாள். வேலையிடத்தில் புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். மருந்து விஷயத்திலும், ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் விஷயத்திலும் அப்படித் தலையாட்டுவது ஆபத்து.

ஏழாவது வாரம் அம்மாவுக்குப் போன் செய்தபோது, "உனக்கு என்னம்மா சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடி, எதுனாலும் சரி."

விடவில்லை. இல்லத்தில் எண்ணுவதுபோல மனதுக்குள் எண்ணிக்கொண்டே பேசாமல் இருந்தேன். லைனில் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"எல்லாருக்கும் ஊத்திட்டு கடைசியாதானே நான் திங்கறேன். ஒரு நாளைக்கு யாராச்சும் சூடா, மொறுமொறுன்னு ரெண்டு தோசை சுட்டுப் போட்டா நல்லாருக்கும்" என்றார். உடனே, "அங்க ரொம்பக் குளுருதாமே, தலைக்கு ஏதாச்சும் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்.