தகட்டைக் கழற்றி எறிந்த புண்ணியவானுக்கு

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஒரு கார்புரேட்டரின் பெயரைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதங்கள் ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், இந்த 1929ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரைத் துணி போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இந்த வகைக் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஜெனித் கார்புரேட்டரின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே ஒரு நீண்ட போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். என் காரில் தொங்கிக்கொண்டிருப்பதோ, நான்கு திருகுகளால் மூடப்பட்டு, எப்போதோ யாரோ வெளியில் வாங்கி மாட்டிய ஊர் பேர் தெரியாத ஒன்று.

ஊர் பேர் இருந்திருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். மூடித் திருகு ஒன்றின் அடியில் மாடல் எண் பொறித்த சிறு பித்தளைத் தகடு இருந்ததற்கான வெளிறிய தடம் இன்னும் தெரிகிறது. பாலிஷ் போட இடைஞ்சல் என்று நினைத்தோ என்னவோ, ஒரு புண்ணியவான் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். "அதனால் என்ன, உடம்பில்தான் எண் வார்த்திருக்கிறதே" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு எத்தனை முறைதான் விளக்குவது? அது வார்ப்பின் எண். ஒரே வார்ப்புக்குள் வெவ்வேறு அளவு வென்சுரியையும் (காற்று போகும் குறுகிய கழுத்து) ஜெட்டையும் (பெட்ரோல் பாயும் சிறு துளை கொண்ட திருகு) பொருத்திப் பல மாடல்களாக விற்பது அந்தக் காலத்து வழக்கம். பின்னாளில் ஃபோர்டு வி8 எஞ்சினுக்கு வந்த ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரில், வென்சுரியின் விட்டமான 0.97 அங்குலத்தையே எண்ணாக்கி உடம்பில் வார்த்து வைத்தார்கள். அந்த நாகரிகம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

ஆகவே காலிப்பரை எடுத்துக்கொண்டு, எஞ்சினோடு இணைக்கும் ஃபிளாஞ்சின் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம், கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் துளையின் விட்டம், பெட்ரோல் குழாய் இணையும் இடத்தின் மரை என்று ஒவ்வொன்றாக அளந்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இரண்டு மாடல்களில் ஏதோ ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தேன். இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்றவர் அடித்துச் சொன்ன ரிப்பேர் கிட்டில் கசிவைத் தடுக்கும் பதினோரு கேஸ்கட்டுகள் இருந்தன. ஒன்றுகூட என்னுடையதில் உட்காரவில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் பொருந்தாது என்று அந்த உறையின் மேலேயே அச்சடித்திருக்கலாம்.

உள்ளே திறந்தபோது எனக்கு முன் கைவைத்தவர்களின் திருவிளையாடல் முழுவதும் வெளிப்பட்டது. மெயின் ஜெட்டின் தலையில் எண் இருக்கிறது; ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் துளையின் உட்சுவரில் டிரில் கீறிய சுருள் வரிகள் தெரிகின்றன. துளையைப் பெரிதாக்கிய பிறகு அந்த எண் வெறும் பொய். மெல்லிய டிரில் பிட்டுகளின் மழமழப்பான தண்டை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்துத்தான் உண்மையான விட்டத்தைக் கண்டேன். உடம்பு துத்தநாகக் கலவை. அந்தக் கால வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடிக்கும். என்னுடையது வெடிக்கவில்லை, உப்பியிருக்கிறது. சூடும் எண்ணெயும் மாறி மாறிக் கொடுத்து இரண்டு நாள் கெஞ்சியும் நான்காவது திருகு தலையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளேயே தங்கிவிட்டது.

ஃப்ளோட், அதாவது பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, அதன் கதை இதைவிட மோசம். அது அரக்குப் பூசிய கார்க். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிட, கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து, மிதக்க மறுக்கிறது. அதனால் பெட்ரோல் வரவை நிறுத்த வேண்டிய நீடில் வால்வு மூடுவதில்லை. இந்தக் காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் உயரத்தில் இருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். கார்புரேட்டரோ மேல்நோக்கி உறிஞ்சும் வகை என்பதால், வழிவது அனைத்தும் காற்று நுழையும் வாய் வழியாக நேரே தரைக்கு வந்துவிடுகிறது. பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் குழாய் இருக்கும்போது, "பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை என்னவென்று சொல்வது?

த்ராட்டில் தண்டின் ஆட்டத்துக்குப் பித்தளை புஷ் (தண்டைச் சுற்றிய உறைவளையம்) இறக்கியாயிற்று. ஐட்லிங்கில் எஞ்சின் திணறியதற்கு அந்த இடைவெளியில் நுழைந்த காற்றுதான் காரணம். அது ஒன்றுதான் இதுவரை நான் நினைத்தபடி முடிந்த வேலை.

மிச்சமிருப்பது சரியான ஃப்ளோட்டும் நீடில் வால்வின் இருக்கையும். பழைய உதிரிபாகங்களை மட்டுமே விற்கும் ஒருவருக்கு, எடுத்த அளவுகள் அனைத்தையும், பன்னிரண்டு படங்களையும், தகடு காணாமல் போன வரலாற்றையும் விரிவாக எழுதி அனுப்பினேன். நேற்று ஒரே வரியில் பதில் வந்தது: தகட்டில் உள்ள எண்ணை அனுப்பவும்.