மாதம் முடிந்த பிறகு வருகிற பில் மூட்டை

ஒரு மாத வியாபாரத்தின் பில்களையெல்லாம் துணிப்பையில் திணித்து அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி ராத்திரி, கணக்கு எழுதுகிற நம்மிடம் கொண்டு வந்து, "சீக்கிரம் என்ட்ரி போட்டுடுங்க" என்றால் எப்படிங்க? 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை விவர ரிட்டர்ன் போக வேண்டும், 20க்குள் வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன். இதெல்லாம் தெரியாத முதலாளியா?

என்ட்ரி என்ன வெறும் டைப்பிங் வேலையா? வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வண்டி வாடகை உள்தூக்குக் கூலி, மொத்த லாபம் பார்க்கிற வியாபாரக் கணக்கில் வரும். விற்ற சரக்கை அனுப்பியது வெளித்தூக்குக் கூலி, லாப நட்டக் கணக்குக்குப் போகும். பையில் கிடக்கிற சீட்டில் "வண்டி 1,800" என்று மட்டும் இருக்கிறது. வந்த வண்டியா, போன வண்டியா? கேட்டால் கோபம் வருகிறது. உடைசல் சரக்கைத் திருப்பி அனுப்பியதற்கு வந்த கிரெடிட் நோட், அதாவது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் சீட்டு, யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில் தூங்குகிறது.

இதைவிடக் கொடுமை வீட்டுச் செலவு. வீட்டுக்கு ஏசி, பையனுக்கு காலேஜ் ஃபீஸ், எல்லாம் கடை அக்கவுண்டிலிருந்து. அது எடுப்புகள், அதாவது முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்தது; மூலதனத்தில் கழிய வேண்டியது. "கடைச் செலவுலயே சேர்த்துடுங்க" என்கிறார்கள். சேர்த்தாலும் இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று வரவு இருப்புகளைச் சரிபார்க்கிற பட்டியல், டாலி ஆகிவிடும்! பற்றும் வரவும் பைசா பிசகாமல் நிற்கும், கணக்கு மட்டும் பொய்யாக இருக்கும். அப்புறம் வருஷக் கடைசியில், "இவ்வளவு வித்தும் லாபம் எங்க போச்சு?" என்று நம்மிடமே கேட்பார்கள்.

பேங்கில் 30,000 வரவு, யார் போட்டது என்று தெரியாது. சரி, விவரம் தெரியும் வரை போட்டு வைக்கிற அனாமத்துக் கணக்கு. அடுத்ததும் அனாமத்து. பணம் கட்டிய வாடிக்கையாளர் பேரேட்டில் பாக்கி அப்படியே நிற்க, அவருக்கே போன் போட்டு வசூல் கேட்கிறார்கள். கட்டின மனுஷன் சும்மா விடுவாரா? அந்தத் திட்டையும் நாம்தான் வாங்க வேண்டும்.

சரக்குக்கு ஒரே ஆளிடம் ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று. கொடுத்துவிட்டு வந்து, "நாலு தேதியில பிரிச்சுப் போடுங்க" என்கிறார்கள். நடக்காத தேதியில் நடக்காத பட்டுவாடாவை என் கையால் எழுத மாட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.